நான்கு உபயகாரர்களின் வெளிச்சம்

அடுத்தவர் கட்டடங்களுக்குள் போய் அவர்களுடைய விளக்குகளை அணைப்பதுதான் பதினேழு வருடமாக என் தொழில். முகவரி அட்டையில் 'உள்ளக ஒளிப்படக் கலைஞர்' என்று போட்டிருக்கிறேன். சிட்னியில் புதிதாகக் கட்டும் வீடுகள், அலுவலகங்கள், பல் வைத்தியர்களின் காத்திருப்பு அறைகள் எல்லாவற்றையும் உள்ளே நின்று படம் எடுக்கிறேன். ஆனால் பாதி நாள் சுவிட்சுகளோடும் அவற்றின் சொந்தக்காரர்களோடும் மல்லுக்கட்டுவதில்தான் போகிறது.

காரணம் எளிது. யன்னலால் வரும் பகல் வெளிச்சம் நீலம். குமிழ் விளக்கு மஞ்சள். குழல் விளக்கில் ஒரு பச்சை இருக்கும். நம்முடைய கண் மரியாதை தெரிந்தது. மூன்றையும் பார்த்துவிட்டு எல்லாம் வெள்ளைதான் என்று நமக்குச் சொல்லிவிடும். கமராவுக்கு அந்த மரியாதை கிடையாது. ஒரே சுவரின் ஒரு மூலையை நீலமாகவும் மறு மூலையை மஞ்சளாகவும் அப்படியே காட்டிக்கொடுக்கும். மஞ்சளைத் திருத்தப் போனால் நீலம் இன்னும் நீலமாகும். ஆகவே ஒரு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைக்கவேண்டும்.

இதைச் சொல்லும்போது மனிதர்களின் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும். துறைமுகம் பார்த்த ஒரு வீட்டின் சொந்தக்காரர், கழிப்பறைப் பீங்கானுக்குக் கீழே நீல விளக்குப் பட்டி பூட்டியிருந்தார். அதை அணைக்கச் சொன்னதற்கு, அவருடைய பிள்ளையை மாடியிலிருந்து தள்ளச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். மெல்பேர்னில் கிளென் வேவர்லியில் ஒரு வீட்டை விற்பனைக்காக எடுக்கப் போனபோது, முகவர் எனக்கு முன்னாலேயே வந்து எல்லா விளக்குகளையும் போட்டு வைத்திருந்தார்; சூளையடுப்புக்குள் இருக்கும் சின்ன விளக்கைக்கூட விடவில்லை. வெளிச்சமான வீடுதான் விலைப்படுமாம். படத்தில் அந்த வீட்டுக்கு மஞ்சட்காமாலை வந்திருந்தது. அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. வீடும் ஒரு வாரத்தில் விற்றுப்போனது. வாங்கியவர்கள் வாங்கியது, நல்ல பள்ளிக்கூடம் ஒன்று பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் எல்லையை. அந்த எல்லைக்குள் கோழிக்கூடு இருந்திருந்தாலும் வாங்கியிருப்பார்கள்.

எங்கள் ஆட்களின் வேலையை மட்டும் நான் எடுப்பதில்லை என்று ஒரு விரதம் வைத்திருந்தேன். படம் எடுப்பவள் என்று தெரிந்தால் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு நாள் கேட்பார்கள். மகள் ஹெலிகொப்டரில் வந்து இறங்குவாள், கீழே புல்லில் படுத்திருந்து எடுக்க முடியுமா என்பார்கள். நான் ஆட்கள் இல்லாத அறைகளைத்தான் எடுக்கிறேன் என்று சொன்னால், எனக்கு ஏதோ நோய் என்பதுபோல இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்த விரதம் ஒரு தொலைபேசி அழைப்பில் முறிந்தது. அழைத்தவர் நான் அடிக்கடி வேலை செய்து கொடுக்கும் ஒரு கட்டடக் கலைஞர். ஐம்பது தாண்டிய வெள்ளைக்காரப் பெண். எப்போதும் கறுப்பு உடை. ஒவ்வொரு சொல்லையும் வாடகைக்கு எடுத்துப் பேசுகிறவர்போல நிதானமாகப் பேசுவார். மேற்குச் சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லுக்கு அப்பால், தமிழ்ச் சங்கம் ஒன்றுக்கு மண்டபம் கட்டிக் கொடுத்திருந்தாராம். அதை ஒரு பரிசுப் போட்டிக்கு அனுப்பப் படம் வேண்டும். சங்கத்துக்கும் தங்கள் ஆண்டு மலருக்குப் படம் தேவை. ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்றார்.

"உங்கள் மக்களுடைய மண்டபம்," என்று ஆங்கிலத்தில் சொன்னார், எனக்குப் பிறந்தநாள் பரிசு தருகிறவர்போல. "தெற்குப் பக்கம் முழு நீளத்துக்கும் மேல்யன்னல் வைத்திருக்கிறேன். இந்த நாட்டுச் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும், ஆகவே நேர் வெயில் ஒருநாளும் விழாது. பகலில் ஒரு விளக்கும் தேவைப்படாது."

திறப்பு விழாவுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை என்பதை அப்போது நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் கண்கூசியது. மண்டபம் நல்ல மண்டபம்தான். மரக் கூரை, வெறும் செங்கல் சுவர், அந்த நீளமான மேல்யன்னல். ஆனால் பரிசளிப்புக்கு மேடையேறிய பிள்ளைக்கு உறவினர் எல்லாம் சேர்ந்து நகை பூட்டியதுபோல, கட்டி முடித்தபின் நான்கு உபயகாரர்கள் அதற்கு விளக்குப் பூட்டியிருந்தார்கள்.

முதல் உபயம் ஒரு டொக்டருடையது. இரு பக்கச் சுவர்களிலும் சதுரத் தட்டு விளக்குகள், சத்திரசிகிச்சைக்குப் போதுமான வெள்ளை. இரண்டாவது ஒரு பலசரக்குக் கடைக்காரருடையது. மண்டபத்தின் நடுவே, மேல்யன்னலை மறைத்துக்கொண்டு, வண்டிச் சில்லளவில் ஒரு கண்ணாடிச் சரவிளக்கு, நல்லெண்ணெய் மஞ்சள். மூன்றாவது வீடு விற்கும் முகவர் ஒருவருடையது. மேடையைச் சுற்றி நிறம் மாறும் விளக்குப் பட்டி. ஊதா, பச்சை, ரோசா என்று ஓடிக்கொண்டேயிருந்தது. ரிமோட் தொலைந்துவிட்டதால் அதை ஒரு நிறத்தில் நிறுத்த ஆளில்லை. நான்காவது ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவருடையது. அவர் வேலை செய்த களஞ்சியம் மூடப்பட்டபோது கழற்றிக்கொண்டு வந்த பழைய குழல் விளக்குகள். குசினியிலும் அங்கிருந்து சாப்பாடு பரிமாறும் திறப்பிலும் பாசி பிடித்த பச்சையில் எரிந்தன. ஒவ்வொன்றின் கீழும் 'உபயம்' என்று தொடங்கும் பித்தளைத் தகடு. தகடுகள் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தன. மேல்யன்னல் கண்ணாடியை ஒருவரும் துடைத்ததாகத் தெரியவில்லை.

சங்கத் தலைவர் பட்டு வேட்டியோடு நின்றார். ஊரில் ஒரு கல்லூரியில் உப அதிபராக இருந்தவர். இன்னும் அதிலிருந்து இறங்கவில்லை.

"வாங்கோ பிள்ளை. உங்களுக்கெண்டு எல்லா லைற்றையும் போட்டு வைச்சிருக்கிறன்."

"அங்கிள், முதல்ல எல்லாத்தையும் நூக்க வேணும்."

விளக்கை அணைப்பதை எங்கள் ஊரில் நூர்ப்பது என்போம். அவருக்குச் சொல் விளங்கியது, சங்கதி விளங்கவில்லை.

"என்னத்தை?"

"லைற்றுகளை."

"லைற்றை நூத்துப்போட்டு என்னெண்டு பிள்ளை படம் எடுக்கிறது?"

வாயால் சொல்லிப் பயனில்லை என்று அவரையே மேடைக்கு முன்னால் நிற்கவைத்து ஒரு படம் எடுத்து மடிக்கணினியில் காட்டினேன். முகத்தின் ஒரு பாதி டொக்டரின் வெள்ளையில் வெளிறியிருந்தது. மறுபாதி சரவிளக்கின் மஞ்சள். பட்டு வேட்டி ஊதா. குசினிப் பக்கம் நீட்டியிருந்த கை மட்டும் பச்சை.

"இதென்ன, நான் செத்துப்போன மாதிரிக் கிடக்கு?"

"நாலு லைற்றும் நாலு நிறம் அங்கிள். கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும்."

"அப்ப கமராவிலதான் பிழை," என்றார். பிறகு மடியிலிருந்து தன் ஃபோனை எடுத்து என்னிடம் நீட்டினார். "இது மகள் வாங்கித் தந்தது. இதில ஒருக்கா எடுத்துப் பாருங்கோ."

எடுத்தேன். ஃபோன் தன் வேலையைச் செய்தது. நிறங்களையெல்லாம் குழைத்து, முகத்தை மெழுகுபோல வழவழப்பாக்கி, பத்து வயதையும் இரண்டு சுற்றுக் கறுப்பையும் கழற்றியிருந்தது. தலைவர் அந்தப் படத்தை விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார். என்னுடைய கமரா, முக்காலி, மூன்று வில்லைகள் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். இவ்வளவு சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து இந்தப் பிள்ளை என்ன செய்யப்போகிறது என்ற கவலை அவர் முகத்தில் உண்மையாகவே இருந்தது.

பத்து மணிக்குக் கட்டடக் கலைஞர் வந்தார். வாசலில் நின்று சரவிளக்கைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தலைவரிடம், இதைக் கழற்ற வழியிருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

"அது அன்பளிப்பு, மேடம்," என்று தலைவர் நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். உடனே என் பக்கம் திரும்பித் தமிழில், "வெள்ளைக்காரருக்கு மெழுகுதிரிக்குக் கீழ இருந்து சாப்பிட்டுத்தான் பழக்கம். எங்கட சனத்துக்கு வெளிச்சம் வேணும் எண்டு நீங்கள் பக்குவமாச் சொல்லிவிடுங்கோ," என்றார்.

"அவர்களுக்கு வெளிச்சம் என்றால் மிகவும் பிரியம்," என்று பக்குவமாகச் சொன்னேன்.

"அப்படியென்றால் நாங்கள் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம்," என்றார் கட்டடக் கலைஞர்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். சங்கத்துக்கு எல்லா விளக்குகளும் எரிகிற படம். கட்டடக் கலைஞருக்கு ஒன்றுமே எரியாத படம். முதலாவதைச் செய்ய ஒரு வழி உண்டு. கமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஒவ்வொரு வகை விளக்கையும் தனித்தனியாக எரியவிட்டு ஒவ்வொரு படம் எடுக்கவேண்டும். பிறகு வீட்டில் இருந்து ஒவ்வொன்றின் நிறத்தையும் திருத்தி, எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்க்கவேண்டும். அதற்குச் சுவிட்சுப் பலகையில் ஓர் ஆள் வேண்டும். மேடைக்குப் பின்னால் இருந்த பலகையில் இருபதுக்கு மேற்பட்ட சுவிட்சுகள். ஒன்றிலும் பெயர் இல்லை. உபயகாரரின் பெயர் பொறிக்காத ஒரே இடம் அதுதான்.

"அது அவவுக்குத்தான் தெரியும்," என்று தலைவர் குசினிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தார். மண்டபத்தைத் துப்புரவாக்கிப் பார்த்துக்கொள்பவர். ஐம்பது வயதிருக்கும். தலைமுடியை ஒரு பழைய துணியால் கட்டியிருந்தார்.

"இவ அகதியா போட்டில வந்தவ," என்று தலைவர் அவர் முன்னிலையிலேயே எனக்கு அறிமுகம் செய்தார். "வில்லாவுட் தடுப்பு முகாமில ரெண்டு வருசம் இருந்தவ. இப்பவும் ரெம்பரரி விசாதான். நாங்கள்தான் இதில வேலை குடுத்து வைச்சிருக்கிறம்."

அவருடைய நெற்றியிலும் ஒரு பித்தளைத் தகடு அடிக்காததுதான் குறை. அந்த அக்கா சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. "என்ன செய்யவேணும் தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல் மேடைக்குப் பின்னால் போய்விட்டார். அன்று முழுவதும் அந்த மண்டபத்தில் நான் சொன்னதை முதல் தடவையிலேயே விளங்கிக்கொண்டவர் அவர்தான்.

சிறிது நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தங்கச்சி, முதல்ல டொக்டரை நூக்கட்டோ?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. "ஓம் அக்கா, டொக்டரை நூருங்கோ."

டக்கென்று சுவர்கள் இருண்டன. "டொக்டர் நூந்திட்டார். இனிக் கடைக்காரரை நூத்துப்போட்டு எஞ்சினியரை மட்டும் விடட்டோ?"

"உயிரோட இருக்கிற மனுசரை நூத்தாச்சு, நூந்திட்டார் எண்டு சொல்லாதையுங்கோ!" என்று தலைவர் சத்தம் போட்டார். "டொக்டருக்குப் போனமாசம்தான் நெஞ்சில ஒப்பரேசன் நடந்தது. லைற் எண்டு சேர்த்துச் சொல்லுங்கோ."

"ஓம் ஐயா," என்றது குரல். ஒரு நிமிடம் கழித்து, "கடைக்காரரின்ர லைற் நூந்திட்டுது. டொக்டரைத் திருப்பி எழுப்பட்டோ?"

தலைவர் வெளியே போய்விட்டார்.

மூன்று பேரையும் இப்படி ஒவ்வொருவராக எழுப்பி, படுக்கவைத்து எடுத்துக்கொண்டோம். முகவரின் நிறம் மாறும் பட்டிக்குப் பலகையில் சுவிட்சே இல்லை. அது நேராகச் சுவரில் செருகியிருந்தது. ஒரு முழுச் சுற்றில் ஓரிடத்தில் மட்டும் ஏறக்குறைய வெள்ளையாக ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி ஊதாவுக்கு ஓடியது. அந்த ஒரு கணத்தைப் பிடிக்க முக்கால் மணிநேரம் முக்காலிக்குப் பின்னால் கொக்குப்போல நின்றேன். பிடித்தபின், அக்கா ஒரு கதிரையில் ஏறித் துடைப்பக் கட்டையால் திரைக்குப் பின்னாலிருந்த செருகியைத் தட்டி விழுத்தினார். அதைச் செய்த இலாவகத்தைப் பார்த்தால், விழா முடிந்த ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்கிறார் என்று தெரிந்தது.

இப்போது ஒரு விளக்கும் இல்லை. வெளியே முகில் மூடியிருந்தது. மேல்யன்னலால் சாம்பல் நிற வெளிச்சம் கூரை மரத்தில் பட்டு, செங்கல்லில் இறங்கி, நிலத்தில் மெதுவாகப் பரவியது. எங்கும் ஒரே நிறம். ஒரு மூலையிலும் சண்டையில்லை. சரவிளக்குக்கூட அணைந்திருக்கும்போது, உலர்த்தப் போட்ட வலைபோல அடக்கமாகத் தொங்கியது. கட்டடக் கலைஞர் கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. நானும் கொஞ்சம் உருகினேன் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

வாசலால் எட்டிப் பார்த்த தலைவர், "கரண்ட் போயிட்டுதோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

மண்டபத்தின் அளவைக் காட்ட ஓர் ஆள் உள்ளே இருந்தால் நல்லது. அக்காவை நடுவில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருக்கச் சொன்னேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, யன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். நான் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, தனக்குத்தானே சொல்வதுபோல, "காலமை மண்டபம் துடைக்கேக்க நான் லைற் போடுறேல்லை," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மற்றதெல்லாம் எனக்கே விளங்கிவிட்டது. அல்லது விளங்கியதாக நினைத்தேன். தடுப்பு முகாம். இரவும் பகலும் அணையாத நடைவழி விளக்குகள். அந்த வெளிச்சத்துக்குக் கீழே இரண்டு வருடம் படுத்துக் கிடந்த ஒரு மனுசி, இன்று ஒரு மண்டபத்தில், விடிகாலையில், விளக்குப் போடாமல், இந்தச் சாம்பல் வெளிச்சத்தில் தனியாக நிற்கிறார். வாகனத் தரிப்பிடத்தில் வைத்துக் கட்டடக் கலைஞருக்கு இதை ஆங்கிலத்தில் சொன்னபோது என் குரல் தழுதழுத்தது. நான் வில்லாவுட்டை வேலியால்கூடப் பார்த்ததில்லை. அப்பாவின் வேலை விசாவில், விமானத்தில், சொக்கலேற் சாப்பிட்டுக்கொண்டு வந்தவள்.

கட்டடக் கலைஞர் என் கையைப் பிடித்து, "இதைச் சொன்னதற்கு நன்றி," என்றார்.

சங்கத்தின் படத்துக்கு மூன்று நாள் வேலை செய்தேன். டொக்டரின் வெளிறலுக்கு இளஞ்சூடு கொடுத்தேன். எஞ்சினியரின் பாசியைக் கழுவினேன். கடைக்காரரின் எண்ணெயை வடித்தேன். நான்கும் ஒன்றாகி, ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல எரிந்தன. என் வாழ்க்கையில் செய்த துப்புரவான வேலைகளில் அது ஒன்று. அனுப்பிவைத்தேன்.

ஆண்டு மலர் வந்தது. அட்டையில், ஃபோனில் எடுத்த ஒரு படம். மேடையில் தலைவரும் நான்கு உபயகாரர்களும், ஐந்து மெழுகு பொம்மைகள். என்னுடைய படம் உள்ளேயும் இல்லை. தலைவருக்கு அழைத்துக் கேட்டேன். அவர் உண்மையான வருத்தத்தோடு பதில் சொன்னார்.

"படம் நல்லாத்தான் இருக்கு பிள்ளை. ஆனா எல்லா லைற்றும் ஒரே மாதிரி வெள்ளையாக் கிடக்கு. எது ஆரின்ர உபயம் எண்டு தெரியேல்லை. கடைக்காரர் கேட்டார், என்ர மஞ்சளை ஏன் எடுத்தவ எண்டு."

ஃபோனை வைத்துவிட்டு நன்றாகச் சிரித்தேன். வெள்ளைக்கார ரசனைதான் எங்கள் ஆட்களைவிட மேல் என்று அன்று முழுவதும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த நினைப்பு அடுத்தநாள் கட்டடக் கலைஞரின் மின்னஞ்சல் வரும்வரை நின்றது.

பகல் வெளிச்சப் படம் அற்புதம் என்று எழுதியிருந்தார். ஒரேயொரு சின்ன விடயம். அந்த உருவத்தை எடுத்துவிட முடியுமா? கதிரை பிளாஸ்ரிக். கண்ணை இழுக்கிறது.

அந்த உருவம். என் கையைப் பிடித்து நன்றி சொல்லி இரண்டு மாதம் ஆகவில்லை.

கோபத்தோடு ஒரு பதில் எழுதினேன். அழித்தேன். பிறகு படத்தைத் திறந்து அக்காவை அழித்தேன். குப்பைக்கூடை, வயர், தீயணைக்கும் சிலிண்டர் எல்லாவற்றையும் அழிப்பதுதானே என் தொழிலின் மறுபாதி. மனிதர் கொஞ்சம் கூடுதலாக நிழல் போடுவார்கள், அவ்வளவுதான். நான்கு நிமிடம் எடுத்தது. அனுப்பினேன்.

பரிசு கிடைக்கவில்லை. சிறப்புக் குறிப்பு ஒன்று கிடைத்தது. கட்டடக் கலைஞரின் இணையப் பக்கத்தில் படத்தைப் போட்டிருந்தார்கள். அக்கா இல்லாத நிலம் பளிங்குபோல இருந்தது. அதன் கீழே அவர் எழுதிய விளக்கம். போரிலிருந்து தப்பி, தடுப்பு முகாமின் ஓயாத வெளிச்சத்திலிருந்து மீண்ட ஒரு பெண், இந்த மண்டபத்தின் அமைதியான பகல் ஒளியில் ஒவ்வொரு காலையும் ஆறுதல் காண்கிறார் என்று அழகான ஆங்கிலத்தில் இருந்தது. படத்தில் இடமில்லாத மனுசிக்கு வாசகத்தில் இடம் கொடுத்திருந்தார். அந்த வாசகத்தை வாகனத் தரிப்பிடத்தில் வைத்து அவருக்குக் கொடுத்தவள் நான்.

குற்ற உணர்ச்சி வந்தால் நான் ஏதாவது அச்சடிப்பேன். அக்கா இருக்கிற மூலப்படத்தை நல்ல தாளில் பெரிதாக அச்சடித்து, ஒரு சனிக்கிழமை முற்பகல் மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். அக்கா குசினியில் பெரிய சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். படத்தை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்தார். பிறகு கிட்டக் கொண்டுவந்தார்.

"இது ஆர்?"

"நீங்கள்தான் அக்கா."

"முகமே தெரியேல்லை. கறுப்பாக் கிடக்கு." என்னை நோகடிக்கக் கூடாதே என்று யோசித்து, "மண்டபம் வடிவா இருக்கு," என்று சேர்த்துச் சொன்னார்.

"அந்த வெளிச்சம் உங்களுக்குப் பிடிக்கும் எண்டு நினைச்சனான். துடைக்கேக்க லைற் போடுறேல்லை எண்டு சொன்னியள்."

"தலைவர் ஐயா போட விடுறேல்லை," என்றார் அக்கா. "துடைக்கிறதுக்கு என்னத்துக்கு லைற், கரண்ட் வீணாப் போகுது எண்டு சொன்னவர். போன குளிருக்குள்ள அஞ்சரைக்கு வந்து கும்மிருட்டில துடைக்கப்போய், மேடைப் படியில தடக்கி விழுந்து முழங்காலில நல்ல அடி. அதைத்தான் உங்களிட்டச் சொன்னனான். நீங்கள் அவரோட கதைக்கிற ஆள்தானே, சொல்லுவியள் எண்டு நினைச்சன்."

அப்போதும் எனக்கு என் கதையை உடனே விட மனமில்லை.

"வில்லாவுட்டில அக்கா... இரவிலயும் லைற் எரிஞ்சுகொண்டே இருக்குமோ?"

"இல்லையே. எங்கட அறைச் சுவிச் எங்கட கையிலதானே. அங்க கரைச்சல் வேற. ஏன் கேக்கிறியள்?"

"ஒண்டுமில்லை."

என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, கையைத் துடைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனார். டொக்டர் எரிந்தார். கடைக்காரர் எரிந்தார். எஞ்சினியர் இரண்டு தரம் கண்ணடித்துவிட்டு எரிந்தார். முகவரின் பட்டியை அக்காவே செருகினார். தலைத் துணியை அவிழ்த்து, முடியைக் கையால் வாரி, சரவிளக்குக்கு நேர் கீழே வந்து நிமிர்ந்து நின்றார்.

"இப்ப ஒண்டு எடுங்கோ. ஃபிரான்சில இருக்கிற தங்கச்சிக்கு அனுப்ப வேணும். நான் இஞ்ச என்ன வேலை செய்யிறன் எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறாள்."

கமராப் பையைத் திறந்தேன்.

"அது வேண்டாம் தங்கச்சி. என்ர ஃபோனில எடுங்கோ."

எடுத்தேன். ஃபோன் அவரை மெழுகாக்கியது. பத்து வயது குறைந்தது. பின்னால் மேடை ரோசா நிறத்தில் ஜொலித்தது. அக்கா பெருப்பித்துப் பார்த்தார். பல் தெரியாமல் சிரித்திருக்கிறேன், நல்லது என்றார். அனுப்பிய ஐந்து நிமிடத்துக்குள் தங்கச்சி வீடியோவில் வந்துவிட்டார்.

"அக்கா, இது நீ வேலை செய்யிற இடமோ? அந்த நடுவில தொங்கிற லைற் என்ன வடிவு!"

"அது கடைக்காரர்," என்றார் அக்கா, வீட்டுச் சொந்தக்காரியின் பெருமையோடு, ஃபோனைச் சரவிளக்குப் பக்கம் திருப்பியபடி.

அவர்களைக் கதைக்க விட்டுவிட்டு வெளியே வந்து தலைவருக்காகக் காத்திருந்தேன். மத்தியானம் வந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன், அக்கா இருட்டில் விழுந்தது தெரியுமா என்று. தெரியாது என்றார். லைற் போடக்கூடாது என்று தான் ஒருநாளும் சொல்லவில்லை என்றார். பிறகு, அப்படிச் சொல்லியிருந்தால் எல்லாத்தையும் போடவேண்டாம் என்ற கருத்தில்தான் சொல்லியிருப்பேன் என்றார். நான் அங்கிள் என்ற மரியாதையைக் கொஞ்சம் ஓரமாக வைத்தேன். இன்னொரு முறை அந்த மனுசி விழுந்தால், விழுந்த படியையும் சேர்த்துப் படம் எடுத்து எங்கே அனுப்ப வேண்டுமோ அங்கே அனுப்புவேன் என்றேன். அவர் என்னை உப அதிபர் பார்வை பார்த்தார். ஆனால் அடுத்த கிழமையிலிருந்து துடைக்கும்போது சுவர் விளக்குகளைப் போடலாம் என்றாகிவிட்டது என்று அக்கா செய்தி அனுப்பினார்.

கட்டடக் கலைஞருக்கும் உண்மையை எழுதினேன். அந்தப் பெண் அப்படிச் சொல்லவில்லை, நான் ஊகித்தது, தயவுசெய்து வாசகத்தை எடுத்துவிடுங்கள் என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. என் நேர்மையை மதிக்கிறாராம். ஆனால் ஆழமான அர்த்தத்தில் அது உண்மைதான் என்று அவருக்குப் படுகிறதாம். வாசகம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவருடைய வேலைக்குப் போகவில்லை என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். போனேன். மெல்பேர்னில் ஒரு நூலகம். கூரை முழுக்க ஒரே வகை விளக்குகள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. மாலை விமானத்துக்கு நேரமிருந்ததால் நூலகத்துக்கு எதிரே ஒரு கடையில் இருந்து கோப்பி குடித்தேன். கட்டடக் கலைஞர் எனக்கு முன்னால் இருந்து, அந்தக் கட்டடத்தைப் பற்றி ஏதாவது மனிதக் கதை எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.